வேகன் ஆரில் படுக்கை தயார். முதல் இரவை எங்கே கழிப்பது?

#1 அமராவதிக்கரை (கரூர்)

வணக்கம். வெகுநாளாக இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொண்டவள், இப்போதுதான் எழுத வருகிறேன்.

என்னிடம் பழைய பெட்ரோல் வேகன் ஆர் ஒன்று இருக்கிறது. அதைப் படுத்துத் தூங்கும் வண்டியாக மாற்றிவிட்டேன். எதையும் வெட்டவில்லை, கழற்றவில்லை. பின்னிருக்கையின் சாய்மானத்தை முன்பக்கம் மடித்து, இடது முன்னிருக்கையைக் கடைசிவரை முன்னே தள்ளிவிட்டால் டிக்கிக் கதவிலிருந்து என் உயரத்துக்கு இடம் கிடைக்கிறது. நான் ஐந்தடி இரண்டங்குலம். டிக்கித் தரை தாழ்ந்தும் மடித்த இருக்கை மேடாகவும் இருப்பதுதான் தொல்லை. பக்கத்துத் தெரு ஆசாரி 12 மி.மீ. பிளைவுட்டை மூன்று துண்டாக அறுத்துக் கீல் வைத்து, அடியில் ரீப்பர் கட்டையால் கால் கொடுத்து மட்டம் பார்த்துத் தந்தார். இடப்பக்கம் படுக்கை. வலப்பக்கம் தண்ணீர் கேன், துணிப்பை, அடுப்பு.

பலகைமேல் இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் கோரைப்பாய். ஃபோம் மெத்தை நம் வெயிலுக்கு ஆகாது, முதுகு வெந்துவிடும். கரூரில் இருந்துகொண்டு கொசுவலைக்கு வேறு ஊர் தேடினால் சிரிப்பார்கள். நான்கு கதவுக்கும் மேலிருந்து உறைபோல மாட்டும்படி வலை தைத்தாயிற்று. ஜன்னல் திரைக்கு ஏற்றுமதியில் கழிந்த கனத்த துணி.

கொல்லிமலைக்குத் தனியாகப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். வண்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரவில் அதை எங்கே நிறுத்துவது? வெளிநாட்டுக் காணொளிகளில் பணம் கட்டினால் இடம், குழாய், கழிப்பறை எல்லாம் தருகிறார்கள். நம் பக்கத்தில் என்ன செய்கிறீர்கள்?

#2 நிழற்குடை

எண்ணூறு ரூபாய்க்கு அறை கிடைக்கும் ஊரில் காருக்குள் சுருண்டு படுப்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பலகைக்கும் மெத்தைக்கும் ஆன செலவில் பல இரவு தங்கியிருக்கலாமே.

#3 அமராவதிக்கரை

நிழற்குடை அவர்களுக்கு: ஆதார் அட்டை, பணம் இரண்டையும் மேசைமேல் வைத்த பிறகும் "கூட யாரும் வரவில்லையா, அப்படியென்றால் அறை இல்லை" என்று சொல்லும் வரவேற்பறையின் முன்னால் நீங்கள் நின்றிருக்க மாட்டீர்கள். நான் நின்றிருக்கிறேன், அதுவும் தலை நரைத்த பிறகு. எண்ணூறு ரூபாய் கணக்கை வைத்து நான் பலகை அறுக்கவில்லை.

#4 நிழற்குடை

அது எனக்குத் தோன்றவில்லை. சரி, போய் வாருங்கள்.

#5 ஆர்டிஓ வாசல்

இருக்கையைக் கழற்றாமல் விட்டது நல்ல வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பலகையை வெளியே எடுத்து வைத்தால் பழையபடி ஐந்து பேர் உட்காரும் வண்டியாகிவிடும் என்றால் அது சாமான்தான், மாற்றம் ஆகாது. பலகையைத் திருகாணி போட்டுத் தரையில் இறுக்காதீர்கள். பட்டைக் கயிற்றால் கட்டுங்கள். சும்மாவும் விடக்கூடாது, அழுத்திப் பிரேக் போட்டால் அந்தப் பலகை உங்கள் பிடரிக்குத்தான் வரும்.

கனத்த திரை வண்டி நிற்கும்போது மட்டும். ஓடும்போது பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் மறைக்கக் கூடாது. கறுப்புத் தாள் ஒட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், 2012இலேயே நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது.

#6 சரக்குவண்டி (நாமக்கல்)

அம்மிணி, நாங்கள் நாமக்கல் லாரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதற்கு இப்போது புதுப்பெயர் வைத்து, காணொளி எடுக்கிறார்கள். கேபினில் பலகை, பலகைமேல் மெத்தை, பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், அரிசி, புளி, தண்ணீர் கேன். வடக்கே போய்த் திரும்பும்வரை அதுதான் வீடு. நான் ஸ்டியரிங்கை விட்டு வெகுகாலம் ஆகிறது, மகன்தான் ஓட்டுகிறான். ஆனாலும் இதில் எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

ஆளில்லாத இடம் அழகாக இருக்கும். அங்கே தூங்காதீர்கள். நான்கு வண்டி நிற்கும் இடத்தில் ஐந்தாவதாக நில்லுங்கள். ஒற்றை வண்டி மட்டும் நிற்கும் இடத்தில் இரண்டாவதாக நிற்காதீர்கள், அது ஏன் அங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடித்துவிட வேண்டும். இருட்டிய பிறகு தேடினால் எந்த இடமும் பொருத்தமாகத்தான் தோன்றும். வண்டியின் மூக்கு சாலையைப் பார்க்கட்டும். சாவி எப்போதும் ஒரே இடத்தில்.

இன்னொன்று. நிறுத்துமுன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெட்ரோல் பங்க் ஆனாலும் டீக்கடை ஆனாலும் கேளுங்கள். கேட்காமல் நின்றால் யாரோ ஒருத்தி. கேட்டுவிட்டு நின்றால் அவர் வாசலில் நிற்கும் வண்டி. இரவில் யாராவது வந்து கதவைத் தட்டினால் முதலில் அவர் எழுந்து வருவார்.

#7 மின்னோட்டம்

மின்சாரம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 74 வாட்-மணி. சிறிய யுஎஸ்பி விசிறி 5 வாட் இழுக்கும். கணக்கில் பதினான்கு மணி நேரம் வரவேண்டும், இழப்புபோகப் பத்து மணி நேரம் ஓடும். அது போதும். காரின் பேட்டரியைத் தொடாதீர்கள். சிறு கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி அளவுதான். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்த பேட்டரி அது; இரவெல்லாம் மெதுவாக உறிஞ்சினால் சீக்கிரம் பாழாகும். காலையில் மலைமேல் வண்டியைத் தள்ள ஆள் தேடுவீர்கள்.

#8 குளிர்காற்று

இவ்வளவு எதற்கு? இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது.

#9 மின்னோட்டம்

தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று எச்சரிக்கை கிடைக்கும். தூங்குபவருக்கு அதுவும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. பெரிய வண்டி, தொழிலே அதுவான ஆட்கள்.

#10 குளிர்காற்று

அது ஜெனரேட்டர். என்னுடையது பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டி. புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி பொருத்தியது. புகையில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. பயம் காட்டாதீர்கள்.

#11 மின்னோட்டம்

குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றி நன்றாகச் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். சைலன்சர் இணைப்பில் சிறு விரிசல், வால் குழாய்க்குப் பின்னால் மண் மேடு, பக்கத்தில் சுவர், காற்றே இல்லாத இரவு இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் உங்கள் கணக்கு மாறிவிடும். நீங்கள் இதுவரை நன்றாக எழுந்துவந்திருப்பது வண்டியைப் பற்றிய சான்று ஆகாது.

தூங்கும் வண்டிக்கு ஏசி தேவைப்படும் அளவுக்கு வெப்பம் என்றால் அந்த மாதத்தில் அந்த ஊருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். தை மாதம் சமவெளியிலும் தூங்கலாம். சித்திரையில் மலைக்குத்தான் போக வேண்டும்.

#12 சரக்குவண்டி

மின்னோட்டம் தம்பி சொல்வதுதான் சரி. இன்ஜின் ஓடும் வண்டிக்குள் தூங்காதே என்று எங்கள் கிளீனர் பையன்களுக்கே முதல் நாளில் சொல்லிவிடுவோம். அடுப்பும் அப்படித்தான். மழையோ குளிரோ, சமையல் வண்டிக்கு வெளியேதான்.

#13 மலையோரம் (சேந்தமங்கலம்)

கொல்லிமலை எங்கள் ஊருக்குத் தலைக்குமேல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன் அக்கா.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்தால் அங்கிருந்து ஏற்றம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் முடியாதது போலத் தோன்றும், எண்ணாதீர்கள். வளைவுக்கு முன்னால் ஹாரன், ஏறும் வண்டிக்கு வழி. பெட்ரோலும் பணமும் கீழேயே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முதல் கியரும் இரண்டாவது கியரும் மட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி மலையில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வயிற்றைப் புரட்டும், காலி வயிற்றோடு ஏறுவதும் நிரம்ப உண்டுவிட்டு ஏறுவதும் ஒரே மாதிரிக் கெடுதல்.

இரவில் ஆகாய கங்கை அருவிப் பக்கமோ காட்சி முனைகளிலோ நிறுத்த நினைக்காதீர்கள். வனத்துறை எல்லைக்குள் இரவில் வண்டி நிற்பதை விடமாட்டார்கள், விடவும் கூடாது. செம்மேடு, சோளக்காடு, அறப்பளீசுவரர் கோயில் பக்கம் தங்கும் வீடுகள் நிறைய உண்டு. "அறை வேண்டாம், வாசலில் வண்டி நிறுத்திக்கொள்கிறேன், குளியலறைக்குப் பணம் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

குரங்குகளிடம் கவனம். வளைவுகளில் வண்டி மெதுவாகும் இடம் அவற்றுக்கு அத்துப்படி. வலையை நம்பி வாழைப்பழத்தை உள்ளே வைக்காதீர்கள்.

#14 தனிவழி

அக்கா, பெண்கள் யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். திருப்பூரிலிருந்து நான் தனியாக இப்படிப் போய்வருகிறவள்.

படுக்கையிலிருந்து கீழே இறங்காமல் ஓட்டுநர் இருக்கைக்கு வர முடிகிறதா என்று வீட்டு வாசலிலேயே இருட்டில் பழகுங்கள். ஓட்டுநர் இருக்கையில் இரவில் எதையும் வைக்கக் கூடாது, பையையும்கூட. பலகை வேலையையும் திரை அழகையும்விட இதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. செருப்பு உள்ளே இருக்கட்டும். வெளியே ஒற்றைச் சோடி செருப்பு கிடந்தால் உள்ளே ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று பலகை எழுதி வைத்ததற்குச் சமம்.

சிறுநீர் கழிக்க நள்ளிரவில் இறங்குவது எனக்குப் பிடிக்காது. மருந்துக்கடையிலும் இணையத்திலும் பெண்களுக்கான புனல் கிடைக்கிறது, அதோடு அகல வாய் டப்பா. அவசரத்துக்கு மூடி போட்ட வாளியில் தென்னைநார்த் துகள் கொஞ்சம். உங்கள் பக்கம் தென்னைநார்த் துகளுக்கா பஞ்சம்? நாற்றம் வராது. ஆண்கள் முகம் சுளிக்க வேண்டாம், உங்களுக்குச் சாலையோரம் இருக்கிறது.

காவல் உதவி செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033. வீட்டில் ஒருவருக்கு இரவு நிறுத்தும் இடத்தை அனுப்பிவிடுங்கள். போகும் இடத்தில் அறிமுகமாகும் ஒருவரிடமும் "தனியாக வந்திருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "தம்பி பின்னால் வருகிறான்" என்றால் பொய்தான், பரவாயில்லை.

#15 அமராவதிக்கரை

எல்லோருக்கும் நன்றி. தனிவழி, அந்தச் செருப்பு விஷயம் எனக்கு உறைத்தது. இருட்டில் இருக்கைக்குத் தாவும் பயிற்சியை வாசலில் செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டார். இப்போது தெருவுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன்.

#16 நிழற்குடை

போனவர் திரும்பினாரா?

#17 அமராவதிக்கரை

திரும்பிவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரவள்ளியிலிருந்து ஏறும்போது எண்ணக் கூடாது என்று மலையோரம் தம்பி சொன்னதால் இன்னும் அதிகமாக எண்ணினேன். இந்த எடைக்கு வண்டி திணறவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் மலைவாழையும் வாங்கிக்கொண்டு, பகல் முழுதும் ஊரைச் சுற்றினேன். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்குமேல் இறங்க வேண்டும். இறங்கியவர்கள் ஏறிவரும்போது இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் மேலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். தனியாகப் போவதில் இது ஒரு வசதி. "வந்ததற்கு இறங்கிப் பார்க்க வேண்டாமா" என்று இழுப்பவர் இல்லை.

மாலை நான்கு மணிக்கே இடம் தேடத் தொடங்கினேன். செம்மேட்டுப் பக்கம் முதலில் கேட்ட வீட்டில், அறை எடுத்தால்தான் வண்டி என்றார்கள், நியாயம். அடுத்து, காபிச் செடிகளுக்கு நடுவே இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடும் ஒரு குடும்பம். அந்த வீட்டம்மா வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னார். பலகையைத் தட்டிப் பார்த்தார், மெத்தையை அழுத்திப் பார்த்தார். "இலவம்பஞ்சா?" என்றார். "ஆமாம்" என்றேன். அதன் பிறகு என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குளியலறைக்கும் வாசலுக்கும் இருநூறு ரூபாய், இரவுக்குச் சாமைச்சோறும் கீரைக்குழம்பும் தனி. தம்பி பின்னால் வருகிறான் என்ற பொய்யைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். வெப்பத்துக்காக இத்தனை ஏற்பாடு செய்தேனே, அங்கே குளிர்தான் வந்தது. கீழே இருந்து ஏறும் குளிர். மெத்தைக்கு அடியில் பிளைவுட், அதற்கடியில் வெற்றிடம், அதற்கடியில் இரும்பு. கோரைப்பாயை எடுத்து மெத்தைக்கு அடியில் விரித்துக் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்ட பிறகுதான் முதுகு அடங்கியது. எதிரெதிர் மூலையில் இரண்டு ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வைத்திருந்தேன். அப்படியும் காலையில் முன்கண்ணாடி முழுதும் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுத்திருந்தால் மெத்தையே நனைந்திருக்கும் என்று நினைக்கிறேன். மழை வந்தாலும் ஜன்னலைத் திறந்துவைக்கக் கதவுக்கு மேல் வைசர் (மழைநீரைத் தடுக்கும் பட்டை) அவசியம். போட்டுவிடப் போகிறேன்.

பயம் வந்ததா என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வந்தது, அதுவும் எதற்கு? வண்டியின் இரும்பு ஆறும்போது டிக் டிக்கென்று ஒலிக்கிறது. வீட்டுக்கொட்டகையில் நிற்கும்போது அதை யாரும் கேட்பதில்லை. மலையின் அமைதியில் யாரோ நகத்தால் கீறுவதாகத் தோன்றுகிறது. பிறகு கூரையில் ஏதோ விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. சரியாகத் தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் இறங்கி, வேண்டுமென்றே நேராக வீட்டுக்குப் போகவில்லை. நாமக்கல்லைத் தாண்டி 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில், வரிசையாக லாரிகள் நிற்கும் ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்தேன். மேலாளரிடம் கேட்டேன். "அந்த விளக்குக் கம்பத்துக்கு அடியில் நிறுத்துங்கள், கேமராவும் அங்கேதான் பார்க்கிறது" என்றார். இரவெல்லாம் ஏர் பிரேக் சீறல், கிளீனர்கள் டயரைத் தட்டும் ஓசை, எங்கோ ஒரு வானொலி. கனத்த திரைக்குள் அத்தனை வெளிச்சம். அங்கேதான் விடியும்வரை அசையாமல் தூங்கினேன். காட்டுக்குள் தனிமை தேடித்தான் இந்த வண்டியைச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். லாரிகளுக்கு நடுவே படுத்தபோதுதான் உடம்பு தளர்ந்தது.

#18 சரக்குவண்டி

நான்கு வண்டிக்கு நடுவே ஐந்தாவது. சொன்னேன் அல்லவா.

அந்த வானொலிக்காரனிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கலாம். கேட்பார்கள், பொல்லாதவர்கள் இல்லை.

#19 குளிர்காற்று

குளிருக்கு ஹீட்டர் போட்டிருக்கலாமே என்று எழுத வந்தேன். அடிவாங்க விரும்பவில்லை, போகிறேன்.

#20 மின்னோட்டம்

நல்ல முடிவு.

#21 தனிவழி

அக்கா, அமைதியான இடத்தில் தூக்கம் வர எனக்கும் நாளாகியது. அதை மலையில் பழகுவதைவிடக் கோயில் ஊர்களில் பழகுவது எளிது என்பேன். திருச்செந்தூர், வேளாங்கண்ணி, இராமேசுவரம், பழனி மாதிரி ஊர்களில் வண்டி நிறுத்தும் மைதானம் உண்டு, கட்டணக் கழிப்பறை உண்டு, விடியற்காலை மூன்று மணிக்கும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நடமாடுவார்கள். குழந்தைகளோடு வேனிலேயே தூங்குபவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். நம் நாட்டில் காம்ப் போடும் மைதானம் எங்கே என்று முதலில் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அவைதான். சுற்றுலா ஊர்களின் கடற்கரையில் இரவு எட்டு மணிக்குமேல் சுற்றுபவர்கள் வேறு மாதிரி. அங்கே நான் நிற்பதில்லை.

தனுஷ்கோடி என்று ஆசைப்படாதீர்கள். மாலையிலேயே எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். பகலில் அரிச்சல்முனைவரை போய்விட்டு, இரவுக்கு இராமேசுவரம் திரும்புங்கள்.

#22 ஆர்டிஓ வாசல்

மலைக்கே மறுபடி போவதானால்: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். சத்தியமங்கலம் வழி போகிறவர்கள் திம்பம் மலைப்பாதையின் இரவுத் தடையைக் கணக்கில் வையுங்கள், கார்களுக்கு இரவு ஒன்பது முதல் காலை ஆறுவரை. தடை தொடங்கும் நேரத்தில் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே தூங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வண்டியில் பலகை இல்லை.

#23 அமராவதிக்கரை

அடுத்தது வேளாங்கண்ணி. கரூரிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று நேர் சாலை, மலை ஏற்றம் இல்லை. ஆவணி மாதம் போகலாமா?

#24 தனிவழி

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்த நாட்களில் நடந்துவரும் பக்தர்களால் சாலையே நிறைந்திருக்கும், வண்டியை ஊருக்கு வெகுதூரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் மூன்றாவது வாரம் போங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தக் கரையில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் முடித்துவிடுங்கள். கடற்காற்றில் உப்பு அதிகம்; திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், கீல்களுக்கும் எண்ணெய் விடுங்கள்.

#25 நிழற்குடை

அந்த ஆசாரி கரூரில் எந்தத் தெரு? என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டார்.